அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊரைப் பாருங்கள்

மறுபடியும் அதே போன். கப்பல் கிளம்பிவிட்டது, துறைமுக வாசலில் நிற்கிறோம், பாஸ்போர்ட் அறை லாக்கரில் இருக்கிறது, இப்போது என்ன செய்வது? பேசியவர் வயதானவர். கூட அவருடைய மனைவி. கைப்பையில் மதியம் போடவேண்டிய மாத்திரை மட்டும்தான் இருந்ததாம், ராத்திரி மாத்திரை கப்பலோடு போய்விட்டது. பிரான்சில் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பிடித்து பாரிஸ் போயிருக்கிறார்கள். திரும்பும் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. சுற்றுலாக் கப்பல் பயணங்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பதால் எனக்கு இந்த போன் புதிதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் யாரிடமும் "அப்போதே சொன்னேனே" என்று சொல்ல முடியாது. அதனால் இனிமேல் கிளம்பப் போகிறவர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

பயணத் திட்டத்தில் "பாரிஸ் (லெ ஹாவ்ர்)" என்று அச்சடித்திருப்பார்கள். "ரோம் (சிவிடாவெக்கியா)", "பெர்லின் (வார்னமுண்டே)", "பாங்காக் (லேம் சபாங்)" என்றும் இருக்கும். கப்பல் நிற்கப்போவது அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஊரில். வெளியே பெரிதாக இருக்கிற பெயர் டிக்கெட் விற்பதற்கு. லெ ஹாவ்ரிலிருந்து பாரிஸ் சுமார் 200 கி.மீ. வார்னமுண்டேயிலிருந்து பெர்லின் அதற்கும் மேல். லேம் சபாங்கிலிருந்து பாங்காக் 100 கி.மீ.க்கு மேல், அதுவும் மாலை நெரிசலோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டிய 100 கி.மீ. இருப்பதில் ரோம்தான் பக்கம், 70 கி.மீ. சொச்சம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "காலை 7 மணிக்கு வந்து ராத்திரி 7 மணிக்குத்தானே கிளம்புகிறது? 12 மணி நேரம் இருக்கிறதே!" என்னை மிகவும் சோர்வடையச் செய்வது இந்தப் பதில்தான். தயவுசெய்து ஒரு காகிதம் எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள்.

7 மணி என்பது கப்பல் கரை தொடும் நேரம். நீங்கள் இறங்கும் நேரம் இல்லை. உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தரவேண்டும், அப்புறம் இறங்கும் பாலத்தில் வரிசை. எட்டு மணிக்கு வெளியே வந்தால் நல்ல நாள். ரயில் நிலையம் போய்ச்சேர இன்னும் அரை மணி. பாரிசுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ரயில். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 11 மணிக்கு பாரிசில் கால் வைப்பீர்கள். இப்போது பின்னாலிருந்து வாருங்கள். 7 மணி கப்பல் நகரும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். 6 மணிக்குக் கப்பலில் இருக்க வேண்டுமென்றால், ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் வர அரை மணி, ரயிலில் இரண்டு மணிக்கு மேல், ஒரு ரயில் தவறினால் அடுத்ததைப் பிடிக்க ஒரு மணி. ஆக, இரண்டு இரண்டேகால் மணிக்கே பாரிஸ் நிலையத்தில் நின்றாக வேண்டும். மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதில் சாப்பாடு, கழிப்பறை தேடல், மெட்ரோவில் திசை தெரியாமல் நிற்பது எல்லாம் அடக்கம். 12 மணி நேரத்தில் மூன்று! அந்த மூன்றையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழிப்பீர்கள்.

"அவ்வளவு தூரம் வந்துவிட்டு பாரிசைப் பார்க்காமல் போவதா?" என்ற ஆதங்கம் எனக்கும் புரிகிறது. வாழ்நாளில் ஒருமுறை என்று காசு சேர்த்து வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பாரிஸ் நான்கு நாள் தங்கிப் பார்க்கவேண்டிய ஊர். இன்னொரு வருடம் அதற்கென்றே போங்கள், நானே ஏற்பாடு செய்து தருகிறேன். அன்றைக்குக் கையில் இருக்கிற ஊரை விட்டுவிடாதீர்கள்.

"அங்கே என்ன இருக்கிறது, வெறும் துறைமுகம்தானே" என்பவர்களுக்கு: லெ ஹாவ்ர் 1944 குண்டுவீச்சில் தரைமட்டமாகி, ஆகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் கான்கிரீட்டில் மறுபடி எழுந்த நகரம். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே செயின்ட் ஜோசப் தேவாலயத்தின் கோபுரம் 107 மீட்டர். உள்ளே போய் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடித் துண்டுகள், வெயில் நகர நகர கான்கிரீட்டின் மேல் நிறம் மாறும். எத்ரதாவின் வெள்ளைப் பாறைகளும், பாலத்தைத் தாண்டினால் வரும் ஓன்ஃப்லூர் என்ற பழைய துறைமுகமும் 30 கி.மீ. சுற்றுக்குள்தான்.

வார்னமுண்டேயில் கப்பலிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே ரயில் நிலையம். இருபது நிமிடத்தில் ராஸ்டாக் நகரம். அங்கே மரியன் தேவாலயத்தில் 1472இல் செய்த வானியல் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. பகல் 12 மணிக்கு இயேசுவின் சீடர் பொம்மைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கதவுக்குள் போகும், கடைசியில் வரும் யூதாசுக்கு மட்டும் கதவு மூடிக்கொள்ளும். பெர்லினுக்குப் போனவர்கள் அந்த நேரத்தில்தான் ரயிலை விட்டு இறங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

சிவிடாவெக்கியாவில் ரோம் போய்வர முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும், நேரம் கறாராக இருந்தால். ஆனால் வடக்கே போகும் ரயிலில் கால் மணி நேரத்தில் டார்குவினியா. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, ரோமானியருக்கு முன்பே அங்கே வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களின் கல்லறைகள், சுமார் 6,000. அதில் 200 வரை சுவரோவியம் உள்ளவை, சிலவற்றைத்தான் திறந்து வைத்திருப்பார்கள். குறுகலான படியில் இறங்கினால் ஒரு கண்ணாடிக் கதவு. பொத்தானை அழுத்தியதும் உள்ளே விளக்கு எரியும். இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய ஆட்கள் அங்கே சுவரோவியத்தில் குழலூதி ஆடிக்கொண்டிருப்பார்கள். விளக்கு அணைந்தால் மறுபடி அழுத்த வேண்டும், பின்னால் நெருக்கும் கூட்டமும் அநேகமாக இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், படிகள் செங்குத்து. ரயில் நிலையமும் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, பஸ்ஸோ டாக்சியோ வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. வரைபடத்தில் துறைமுகத்தின் பெயரைப் போடுங்கள், பெரிய நகரத்தின் பெயரை இல்லை. 30 கி.மீ. சுற்றளவில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மாறாமல் நேராகப் போகும் ரயில் அல்லது பஸ் இருக்கிறதா பாருங்கள். கப்பல் நிற்கும் கிழமையைப் பாருங்கள்: இத்தாலியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, பிரான்சில் பலவற்றுக்குச் செவ்வாய். இத்தாலி என்றால் ரயில் வேலைநிறுத்த அறிவிப்பையும் முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள், அடிக்கடி நடக்கும்.

சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம், இந்த ஒரு மணி நேர வித்தியாசத்திலேயே கோட்டை விட்டவர்கள் உண்டு. கப்பல் நிறுவனத்துக்காகத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஏஜென்ட்டின் எண், கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்குத் தேவையான மருந்தும், வங்கிக் கார்டும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகலாவது இருக்கட்டும். ஆட்கள் வராதபோது கப்பல் ஊழியர்கள் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்தான். அதை நம்பி இருக்காதீர்கள். அடுத்த துறைமுகம் வேறு நாடு என்றால், விமானத்தில் போய்ச் சேர உங்கள் விசா செல்லுமா என்பதை வீட்டிலேயே கேட்டு வையுங்கள். நீங்களாகவே தாமதமானால் உங்கள் பயணக் காப்பீட்டு பாலிசி பணம் தருமா என்பதையும் படித்துவிடுங்கள்.

பெரிய நகரம்தான் வேண்டும் என்று மனம் அடம் பிடித்தால், கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நிபந்தனையை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: "அப்பா, பாரிஸ் பார்த்துட்டு வாங்க" என்று உற்சாகப்படுத்தி அனுப்பாதீர்கள். துறைமுக ஊரில் என்ன பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதி, திரும்ப வேண்டிய நேரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு, அவர்கள் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.