கச்சான் ஓய்ந்து வாடை வரும் வரை: ஒக்டோபர் மழையை எப்படிப் படிப்பது?

மட்டக்களப்பில் ஒக்டோபர் மாத மழை எந்த ஊரில் எவ்வளவு பெய்யும் என்று முதல் நாளே அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் மழை எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பக்கத்தால் வருகிறது என்ற இரண்டையும் ஒரு வாரம் குறித்துவந்தால், பருவம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நாட்காட்டி அந்த அளவுக்கு உதவாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். அதற்கு முன் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. நமக்கு அது மழைக்காற்றல்ல, கச்சான். 28 பாகை வெப்பமுள்ள ஈரக்காற்று மேற்குக் கரையிலிருந்து மத்திய மலைகளில் ஏறும்போது முதலில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. 600 மீற்றர் உயரத்தில் முகில் கட்டத் தொடங்கியதும், நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பத்தால் குளிரும் வேகம் பாதியாகிறது. 2,000 மீற்றரில் காற்று சுமார் 15 பாகையில் இருக்கும். ஈரத்தை அங்கேயே மழையாக இறக்கிவிட்டு இந்தப் பக்கம் சரியும்போது, கிலோமீற்றருக்கு முழு 10 பாகை வீதம் சூடேறி 35 பாகையில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு வந்து சேர்கிறது. கச்சான் சுடுவதற்கும் வறள்வதற்கும் காரணம் இதுதான்.

ஒக்டோபரில் இந்தக் காற்று தளர்கிறது. இரு அரைக்கோளங்களின் காற்றுகளும் ஒருங்கும் வலயம் தெற்கே நகர்ந்து இலங்கைக்கு மேல் வருகிறது. தள்ளிக்கொண்டுபோகப் பெருங்காற்று இல்லாதபோது உள்ளூர்க் காற்றுகளுக்கே ஆட்சி. காலை பத்து மணியளவில் நிலம் கடலைவிடச் சூடாகி, கடற்காற்று வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் ஏறும். கச்சான் பலமாக வீசிய மாதங்களில் அது கரையோரத்தைத் தாண்டச் சிரமப்படும். இப்போதோ வாவியைக் கடந்து உன்னிச்சை, வெல்லாவெளி, மகாஓயா, உகன என்று உள்ளே போகும். அங்கே எஞ்சியிருக்கும் மேற்குக் காற்றோடு மோதும் கோட்டில் இரண்டுக்கும் மேலே போவதைத் தவிர வழியில்லை. பிற்பகலில் அந்தக் கோட்டின் மேல் முகில் 12 கிலோமீற்றருக்கு மேலும் வளரும். முன்னறிவிப்பில் "ஊவா, கிழக்கு மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

உயரத்தில் மேற்குக் காற்று இன்னும் இருந்தால் அந்த முகில் கிழக்கே தள்ளப்பட்டு, பொழுதுபடும் நேரத்தில் வாவிக்கு மேல் வரும். தோணியில் நிற்பவர்கள் மழையைவிட அதற்கு முன்னால் வரும் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். முகிலுக்குள் மழைத்துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கின்றன; கனத்துப்போன அந்தக் காற்று கீழே விழுந்து நிலத்தில் பட்டுப் பரவுகிறது. அடையாளம் தெளிவானது. அதுவரை வீசிய கடற்காற்று நின்று புழுங்கும். பிறகு மேற்கிலிருந்து சில்லென்ற காற்று, சில வேளை மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் வரும். கடற்காற்று நின்ற கணமே கரைக்குத் திரும்ப வேண்டும். சில்லென்று பட்ட பிறகு நேரமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான செக்கன்களை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் வெளியே நிற்கக்கூடாது. கடைசி இடிக்குப் பின்னும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

இந்த மழை துண்டு துண்டாகப் பெய்வது. ஒரு வயற்கண்டம் நிறையும், அடுத்த கண்டத்தில் புழுதி பறக்கும். பெரும்போகத்துக்குப் புழுதி விதைப்பு, அதாவது காய்ந்த மண்ணிலேயே நெல் விதைப்பு, செய்பவர்களைக் கெடுப்பது இதுதான்: ஒரு மழையை நம்பி நெல் முளைத்துவிட, அடுத்த பத்து நாள் வெயில் காய்ந்தால் நாற்று கருகிவிடும். பக்கத்து ஊர் மழைக்கணக்கு உதவாது, சொந்த வயலில் அளக்க வேண்டும். நேரான சுவருள்ள பாத்திரம் ஒன்றை, அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வைத்து, காலை 8.30க்கு அளவுகோலால் அளக்கலாம். அடி வளைந்த போத்தல் என்றால் முதலில் வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றி அங்கிருந்து எண்ணுங்கள். 25 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்கு ஒரு இலட்சம் லீற்றர். அது எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பதை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிடலாம்.

மாற்றம் வருவது நேரத்தில்தான் முதலில் தெரியும். மாலை இடி குறைந்து, இரவிலும் விடியற்புறத்திலும் கடல் பக்கத்தால், பெரிதாக இடியில்லாமல் மழை வரத் தொடங்கினால் வாடை, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, நிலைகொள்கிறது என்று கொள்ளலாம். இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று வடகீழ்க் காற்றைக் கரைக்கு அருகே சந்திப்பதால் மழை அங்கே திரள்கிறது. இடையில் இரண்டு நாள் பழையபடி மாலை இடி திரும்பும்; அதில் குழம்ப வேண்டாம். பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் போக்கும் உண்டு.

நவம்பரில் வங்கக் கடல் தாழமுக்கத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது இந்தக் காலத்தில்தான். காற்று முதுகில் படும்படி நின்றால், தாழமுக்கம் இடது கைப்பக்கம், சற்று முன்தள்ளி இருக்கும். கடற்காற்று கலக்காத விடியற்காலையில் பார்ப்பது நல்லது. வடக்குக் காற்று வடமேற்காகி மேற்கே திரும்பினால் மையம் நமக்கு வடக்கால் போகிறது; வடகிழக்காகிக் கிழக்கே திரும்பினால் தெற்கால். திசை மாறாமல் வேகம் மட்டும் கூடினால் அது நம்மை நோக்கி வருகிறது.

சில கைபேசிகளில் அமுக்கமானி இருக்கிறது. ஆனால் அமுக்கம் ஒவ்வொரு நாளும் காலை 10, இரவு 10 மணியளவில் உயர்ந்து, பின்னேரமும் விடியற்புறமும் 4 மணியளவில் தாழும். சாதாரண நாளிலேயே 3 ஹெக்டோபாஸ்கல் வரை ஏறி இறங்கும். பிற்பகலில் இறங்குவதைப் பார்த்து அயலவரைக் கலவரப்படுத்துவது வழக்கமான பிழை. நேற்று இதே மணிக்கு, இதே இடத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். மேல்மாடிக்கு ஏறினாலே அரை ஹெக்டோபாஸ்கல் போல் குறைந்துவிடும். 24 மணி நேரத்தில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்து, காற்றும் திசை மாறாமல் இருந்தால், திணைக்களத்தின் அறிவித்தலை மணிக்கொரு தடவை பார்க்க வேண்டிய நேரம் அது.