வாட்ஸ்அப்பில் காணி கைமாறாது

காணிக்கு முற்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் சட்டத்தரணியிடம் வந்ததும் முதலில் போனைத்தான் நீட்டுகிறார்கள். மூதூர்ப் பக்கத்து ஐயா ஒருவர் ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார்: "அண்ணை, காசு கிடைச்சிட்டு. வாற கிழமை காணி உறுதி எழுதித் தாறன்." அதற்குக் கீழே வங்கிச் சீட்டின் படம். அதன்பிறகு மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. "இவ்வளவு சாட்சி இருக்கே, காணி எனக்குத்தானே தம்பி?" என்று கேட்டார்.

சாட்சி இருக்கிறது. ஆனால் காணி அவருடையதல்ல.

இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் ஆவணமாக ஏற்கிறது. அதே சட்டம் காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) மூன்றையும் வெளியே விட்டுவிட்டது. காணிக்கு இன்றும் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான். உறுதி எழுதிச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டிலிருந்து அற்றோணியைப் படம் பிடித்து அனுப்பினாலும் போதாது, மூலப்பிரதி வேண்டும்.

பழைய சட்டம் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே 2006இல்தான் மூதூருக்குப் பக்கத்துச் சம்பூர் மக்கள் போரால் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். ஊரில் இல்லாதவரின் காணியை ஒரு செய்தியால் மாற்றலாம் என்றிருந்தால், திரும்பி வந்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? தொழில்நுட்பம் வேகமாகப் போகட்டும். காணி விஷயத்தில் அரசு மெதுவாக வருவதே எங்கள் மக்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் இந்த விதிவிலக்கைத் தமிழில் ஊர் ஊராகச் சொல்லவேண்டிய பொறுப்பும் அரசுக்கு உண்டு. அது போதிய அளவு நடக்கவில்லை.

பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் இன்னும் கவனம். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதை விற்கவே முடியாது. உறுதிக் காணி என்றால் காசு கொடுக்கமுன் காணிப் பதிவகத்தில் எக்ஸ்ட்ராக்ட் (பதிவேட்டின் பிரதி) எடுத்துப் பாருங்கள்.

சரி, ஏற்கனவே கொடுத்தாயிற்றா? காணி கிடைக்காவிட்டாலும் காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். அங்கேதான் அந்தக் குரல்பதிவு பெறுமதியானது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி உரையாடலை அழிக்காதீர்கள், போனை விற்காதீர்கள். வங்கிச் சீட்டின் மூலப்பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். "தருவார், தருவார்" என்று வருடக்கணக்கில் காத்திருந்தால், வழக்குப் போடக் கால எல்லை வைக்கும் காலாவதிச் சட்டம் குறுக்கே வந்துவிடும்.