“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

லண்டனில் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்து ஆரம்பப் பள்ளிகள் வகுப்பு உதவியாளர் வேலைக்கு, அதாவது டி.ஏ. வேலைக்கு, ஆள் கேட்டால் வருகிற விண்ணப்பங்களில் தமிழ்ப் பெயர்கள் நிறைய இருக்கும். பட்டதாரிகள், ஊரில் பல வருஷம் பாடம் நடத்தியவர்கள், தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை தோறும் இலவசமாகக் கற்பிப்பவர்கள். நேர்முகத்துக்கு வந்து வேலை கிடைக்காமல் போனதும் பெரும்பாலும் இரண்டே காரணம்தான் சொல்கிறார்கள்: “என் இங்கிலீஷ் போதவில்லை”, “என்னிடம் லெவல் 3 சான்றிதழ் இல்லை.” உடனே நூற்றுக்கணக்கில் பவுண்டு கட்டி இன்னொரு கோர்ஸில் சேர்ந்துவிடுகிறார்கள். நேர்முகக் குழுவில் உட்காருகிற எங்களுக்கு இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. டி.ஏ. வேலைக்கு இன்ன சான்றிதழ் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் தானே தீர்மானிக்கிறது. கணக்கிலும் இங்கிலீஷிலும் ஜி.சி.எஸ்.இ., அதாவது இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு, அளவுத் தேர்ச்சியைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். உங்கள் உச்சரிப்பைக் குறைசொல்ல யாரும் அங்கே உட்காரவில்லை. நம்மவர்களில் பலர் கோட்டைவிடுவது ஒரே ஒரு கேள்வியில்.

ஏதாவது ஒரு வடிவத்தில் அந்தக் கேள்வி வந்தே தீரும்: “ஏழு வயதுப் பிள்ளை ஒன்று உங்களிடம் வந்து, ‘ஒரு ரகசியம் சொல்லணும், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்க’ என்கிறது. என்ன செய்வீர்கள்?”

நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். “பிள்ளை என்னை நம்பி வந்திருக்கிறது, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவேன், யாரிடமும் சொல்லமாட்டேன்” என்பது முதல் வகைப் பதில். “முதலில் உண்மையா பொய்யா என்று விசாரிப்பேன்” என்பது இரண்டாம் வகை. “அம்மாவைக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேசிப் பார்ப்பேன்” என்பது மூன்றாம் வகை. மூன்றும் அன்பிலிருந்து வருகிற பதில்கள் என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் மூன்றுக்கும் பூச்சியம்தான். பல பள்ளிகளில் இந்த ஒரு கேள்வியில் தவறினால் மற்றக் கேள்விகளுக்கு எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தெரிவு செய்யமாட்டார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். வாக்கைக் காப்பாற்றி, அடிபடுகிற பிள்ளையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவீர்கள். அல்லது வாக்கை மீறி, பெரியவர்களை நம்பக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு நீங்களே கற்றுக்கொடுப்பீர்கள். விசாரிக்கப் போனால் இன்னும் மோசம். “அப்பாவா அடிச்சார்?” என்று கேட்டுவிட்டால் விடையை நீங்களே பிள்ளையின் வாயில் வைத்துவிட்டீர்கள். நாளைக்குப் பொலிஸும் சமூக சேவைத் துறையும் பேசும்போது பிள்ளை சொல்வது அதன் சொந்த வார்த்தையா, நீங்கள் ஊட்டியதா என்ற கேள்வி எழும். வழக்கே அதில் விழுந்துபோகலாம். அம்மாவிடம் சொன்னால்? அம்மாவே பயத்தில் இருக்கலாம், அம்மாவே காரணமாகவும் இருக்கலாம். அன்று இரவு அந்த வீட்டில் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டாரிடம் எப்போது, யார் பேசுவது என்று தீர்மானிப்பது டி.ஏ.யின் வேலை அல்ல.

சரியான பதில் கடினமானதே இல்லை. கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அமைதியாகக் கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். “ரகசியமாக வைத்திருப்பேன் என்று சொல்ல என்னால் முடியாது. உனக்கு உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் நான் சொல்லவேண்டி வரும். என்னிடம் சொன்னது நல்லது” என்று சொல்லுங்கள். பிள்ளை தானாகச் சொல்வதைக் கேளுங்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் “என்ன நடந்தது, சொல்லு” என்கிற மாதிரித் திறந்த கேள்வி மட்டும். காயத்தைப் பார்க்க உடுப்பைக் கழற்றச் சொல்லக்கூடாது, போனில் படம் எடுக்கவே கூடாது. பிறகு நேரே டி.எஸ்.எல்., அதாவது பள்ளியின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போங்கள். அவர் இல்லையென்றால் துணைப் பொறுப்பாளர். பிள்ளை வீட்டுக்குப் போவதற்கு முன் சொல்லியாகவேண்டும். நாளைக் காலை என்ற பேச்சே இல்லை.

எழுதுகிற விதத்தையும் கேட்பார்கள். “அப்பா அடித்திருப்பார் போலிருக்கிறது” என்பது உங்கள் ஊகம், அதற்கு அங்கே இடமில்லை. “காலை 10.40, இடைவேளை முடிந்து கோட் மாட்டும்போது. ‘டாடி ஹர்ட் மை ஆர்ம்’ என்றான். இடது முழங்கைக்கு மேலே, வெளிப்பக்கம், 2 பென்ஸ் நாணய அளவு நீலக் கன்றல்” என்பது பதிவு. பிள்ளை சொன்னது சொன்னபடியே, உங்கள் பெயர், தேதி, நேரம், கையெழுத்து. பல பள்ளிகளில் சி.பி.ஓ.எம்.எஸ். மாதிரி மென்பொருளில் ஏற்றுவார்கள். புகார் ஓர் ஊழியர் மேல் என்றால் தலைமை ஆசிரியரிடம், தலைமை ஆசிரியர் மேலேயே என்றால் நிர்வாகக் குழுத் தலைவரிடம். இந்தக் கிளைக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் மிக அபூர்வம். இதற்கெல்லாம் ‘கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்’ என்ற அரசு வழிகாட்டி இருக்கிறது. இலவசமாகவே இணையத்தில் கிடைக்கும். அதன் முதல் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டு வாருங்கள். கோர்ஸுக்குக் கட்டுகிற காசைவிட அது பலன் தரும்.

விண்ணப்பப் படிவத்தில் வேலை பார்த்த வருஷங்களுக்கு நடுவே இடைவெளி ஏன் என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. “பிள்ளை பெற்று ஆறு வருஷம் வீட்டில் இருந்தேன்” என்பது முழுக்க நியாயமான பதில். எழுதாமல் வெற்றாக விடுவதுதான் சிக்கல். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2002இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் ஒரு பள்ளியின் கேர்டேக்கர், அதாவது கட்டடப் பராமரிப்பாளன். அவன்மேல் வேறோர் ஊரில் முன்பே பல புகார்கள் வந்திருந்தும், வேலைக்கு எடுத்தவர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. 2004இல் வந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கைக்குப் பிறகுதான் இன்றைய கறாரான சோதனை முறைகள் உருவாயின. ஆகவே வெறும் சி.வி.யை ஏற்கமாட்டார்கள், படிவம் வேண்டும். உங்கள் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கவும் செய்வார்கள். நற்சாட்சிக்கு மாமா, மச்சான், பக்கத்து வீட்டு அங்கிள் செல்லாது. கடைசியாக வேலை பார்த்த இடம் வேண்டும். அது இல்லாதவர்கள் தொண்டு செய்த தமிழ்ப் பள்ளியின் அதிபரைத் தரலாம். “சம்பந்தப்பட்டவர்களுக்கு” என்று தொடங்கும் பொதுக் கடிதத்தைக் கையில் கொண்டு வருவதில் பயனில்லை. பள்ளி நேரடியாகத்தான் கேட்டு வாங்கும்.

அடுத்தது செயல்முறைப் பகுதி. நான்கைந்து பிள்ளைகளோடு பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டு ஒருவர் மூலையிலிருந்து குறிப்பெடுப்பார். அங்கே பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்குகிறீர்கள் பாருங்கள், அத்தோடு போச்சு! பக்கம் நிரம்பியிருந்தால் உதவி செய்ததாக அர்த்தமில்லை. லண்டன் கல்வியியல் நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு, டி.ஏ. உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள் அதே தரத்து மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. குறை டி.ஏ.க்கள்மேல் அல்ல, அவர்களைப் பயன்படுத்திய விதத்தில் என்றும் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். (இதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லிச் சம்பளம் குறைக்கப் பார்க்கிற ஆட்களும் உண்டு.) வேலையை முடித்துக் கொடுப்பதே உதவி என்ற பழக்கத்தை அப்போதிலிருந்தே பள்ளிகள் விடச் சொல்கின்றன.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை 23 + 18இல் திணறுகிறது என்று வையுங்கள். முதலில் சும்மா இருங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்கு யுகமாகத் தெரியும், பிள்ளைக்கு அது யோசிக்கிற நேரம். பிறகு “நேற்று இந்த மாதிரிக் கணக்குக்கு எது உதவியது?” என்று கேளுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மேசையிலிருக்கிற, பத்தைக் குறிக்கும் கட்டைகளையும் ஒன்றைக் குறிக்கும் கட்டைகளையும் பக்கத்தில் நகர்த்துங்கள். அதற்குப் பிறகுதான் செய்து காட்டுவது, அதுவும் வேறு கணக்கை: 26 + 17ஐ உங்கள் தாளில் செய்து காட்டிவிட்டு 23 + 18ஐப் பிள்ளையிடமே விடுங்கள். விடையை நீங்கள் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசி. “கெட்டிக்காரி!” என்று பொதுவாகப் பாராட்டாமல் “பத்துகளை முதலில் சேர்த்தாயே, அது நல்ல யோசனை” என்று எதற்காகப் பாராட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சின்ன வகுப்பென்றால் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கும் முறை, கட்டாயம் வரும். எழுத்தின் ஒலியை மெய்யெழுத்தாகச் சொல்லவேண்டும். ‘ஸ்–இ–ட்’ என்று சொன்னால் பிள்ளை கூட்டிப் படித்துவிடும். ‘ஸ–இ–ட’ என்று அகரம் சேர்த்துச் சொன்னால் எப்படிக் கூட்டினாலும் சொல் வராது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் 40 சொற்களைப் படிக்கவைத்து ஒரு சோதனை உண்டு. அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள், ஒலியைக் கூட்டத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. அதனால்தான் இதில் இவ்வளவு கண்டிப்பு.

குழப்படி செய்கிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றால் “அதட்டுவேன்” என்று சொல்லாதீர்கள். “ஊரில் நாங்கள் இரண்டு அடி போட்டுத்தான் திருத்துவோம்” என்று சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். குறைந்த சொற்கள், தாழ்ந்த குரல், இரண்டு தெரிவு கொடுப்பது, பள்ளியின் நடத்தைக் கொள்கையைப் பின்பற்றுவது. அந்தக் கொள்கை பள்ளியின் இணையதளத்தில் இருக்கும், முதல்நாள் இரவு படித்துவிட்டு வாருங்கள்.

நமக்கென்றே வருகிற ஒரு கேள்வியும் உண்டு. பள்ளி வாசலில் தெரிந்த அக்கா ஒருவர், கோயிலில் பார்த்துப் பழகியவர், “என்ர மகன் வகுப்பில எப்பிடி? அந்த மற்றப் பெடியன்தான் அவனைத் தள்ளினவனாமே?” என்று கேட்கிறார். முறைத்துக்கொள்ளவும் வேண்டாம், கதைகொடுக்கவும் வேண்டாம். “அதை வகுப்பு டீச்சரிடமே கேளுங்கள் அக்கா, நான் அவரிடம் சொல்லிவைக்கிறேன்” என்று சொல்லுங்கள், டீச்சரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே விதிதான்.

காசு விஷயம் இரண்டு. வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்குவது 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “பயிற்சியும் வேலையும் சேர்த்து” என்று விற்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். பள்ளி வேலைகளை அரசின் ‘டீச்சிங் வேகன்சீஸ்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்து, விளம்பரத்தில் போடுகிற வருடச் சம்பளம் பெரும்பாலும் முழுநேர, முழு ஆண்டுக் கணக்கு. பள்ளி நடக்கும் வாரங்களுக்கு மட்டும் வாரம் 32.5 மணி நேரம் என்றால் கைக்கு வருவது அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ‘ப்ரோ ராட்டா’, அதாவது வேலை செய்கிற நேரத்துக்கு ஏற்ற விகிதக் கழிவு, போகக் கையில் எவ்வளவு என்று விண்ணப்பிக்கும் முன்பே அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

நேர்முகத்தன்று கொண்டுபோக வேண்டியது: பாஸ்போர்ட், விசாவில் இருப்பவர்கள் ஷேர் கோட் (வேலை செய்யும் உரிமையை இணையத்தில் சரிபார்க்கிற குறியீடு), அண்மைய முகவரிச் சான்று, சான்றிதழ்களின் மூலப் பிரதிகள். டி.பி.எஸ்., அதாவது குற்றப் பின்னணிச் சோதனை, படிவத்துக்கு ஐந்து வருஷ முகவரிகள், மாதம் தவறாமல் வேண்டும். இதுவரை பாவித்த எல்லாப் பெயர்களும் வேண்டும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், பட்டச் சான்றிதழில் அப்பா பெயர், வங்கியில் முதலெழுத்து மட்டும் என்றிருக்கிற நம் பெண்களுக்கு வேலை கிடைத்தும் தொடங்க வாரக்கணக்கில் தாமதமாவது இதனால்தான். திருமணச் சான்றிதழையும் அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே பையில் வையுங்கள். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுப் பொலிஸ் நற்சான்றும் கேட்பார்கள். அதுவும் வந்துசேர நாளெடுக்கும், வேலை உறுதி என்று சொன்ன அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.