திரையில் பழகிய மனிதர்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனால் சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான். கீழே நகரத்தில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர்கள், கன்னடம் பேசும் தேவாங்கர்கள், உருதும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள். கட்டட வேலையில் வடமாநிலத் தொழிலாளர்கள். இத்தனை பேரும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கும்? தெரு பிரிக்கிறது, சாதி பிரிக்கிறது, இப்போது பள்ளிக் கட்டணமும் பிரிக்கிறது.

இந்த இடைவெளியில் ஓர் ஆவணப்படத்தால் நிறையச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். அது எந்த வழியாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு திரையிட வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னதிலிருந்து தொடங்கலாம். வேறு பிரிவு மக்களோடு பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்றார் அவர். சமமான நிலையில் பழக வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு காரியம் இருக்க வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். காப்பித் தோட்டத்து மேஸ்திரியும் கூலியாளும் தினமும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் சமம் எங்கே இருக்கிறது? 2006-இல் தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழக்கம் பெரும்பாலும் வெறுப்பைக் குறைக்கிறது, ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் கூடிவந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று தெரிந்தது.

சரி, பழகவே வழியில்லாத இடத்தில்? அங்கேதான் திரை வருகிறது. திரையில் அடிக்கடி பார்க்கும் ஒருவரை, நேரில் பழகியவரைப் போலவே மனம் நடத்துகிறது என்று டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே எழுதினார்கள். அந்தத் திரைப் பழக்கத்துக்கும் வெறுப்பைக் குறைக்கும் சக்தி உண்டு என்பதை எட்வர்ட் ஸ்கியாப்பாவும் அவருடைய சகாக்களும் 2005-இல் சோதித்துக் காட்டினார்கள். ஒரு மனிதரின் முகத்தை அருகில் பார்த்து, அவர் கதைக்குள் மூழ்கிப்போகும்போது, எதிர்வாதம் செய்யும் மனசு கொஞ்ச நேரம் ஓய்ந்துவிடுகிறது. “அவங்க எல்லாம் அப்படித்தான்” என்று முன்கூட்டியே எழும் குரல் தணிகிறது. கூட்டத்தைப் பற்றிய புள்ளிவிவரத்தைவிட, பெயரும் முகமும் உள்ள ஒருவர் நம்மை அசைப்பதும் இதனால்தான். அதிலும் ஆவணப்படத்தில் இருப்பவர் நிஜ மனிதர். படம் முடிந்த பிறகும் அவர் எங்கோ இருக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

எல்லா ஆவணப்படமும் இதைச் செய்துவிடாது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவை எட்ட நின்று படம் பிடித்து, மேளச் சத்தத்துக்கு மேலே ஒருவர் “இந்த மக்கள்…” என்று விவரித்துக்கொண்டே போனால், பார்க்கும் பிள்ளைக்கு அவர்கள் இன்னும் தூரமாகத்தான் போவார்கள். அதே ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைப் பின்தொடருங்கள். கணக்குப் பாடம் வரவில்லை என்று அவள் அலுத்துக்கொள்ளட்டும், தம்பியோடு சண்டை போடட்டும், வனத்துறை பற்றி அவள் அப்பாவுக்கு ஒரு கருத்து இருக்கட்டும். அப்போது அவள் சமமான ஆளாக வந்து நிற்கிறாள். பரிதாபத்தை மட்டும் வரவழைக்கும் படங்களை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பேன். பரிதாபம் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை. ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனையே அதில் உடைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், ஆளுக்கு ஆள் பார்ப்பது வேறாக இருப்பது. இனவெறியைக் கிண்டல் செய்ய எடுத்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை வைத்து நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் 1974-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கெனவே வெறுப்பு அதிகமுள்ள பார்வையாளர்கள், கிண்டலுக்கு ஆளான இனவெறிபிடித்த கதாபாத்திரத்தின் பக்கமே சாய்ந்திருந்தார்கள். நம் ஊரிலும் காட்சியின் சக்தி எந்தப் பக்கமும் திரும்பும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய் வீடியோக்கள் எவ்வளவு பயத்தைக் கிளப்பின!

அப்படியானால் படத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று ருவாண்டாவிலிருந்து வருகிறது. அது திரைப்படம்கூட இல்லை, ஒரு வானொலி நாடகம். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, சமரசத்தைப் பேசும் தொடர் ஒன்றை அங்கே ஒலிபரப்பினார்கள். ஆய்வாளர் எலிசபெத் லெவி பாலக் சில ஊர்களில் அதையும், வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய தொடரையும் ஓராண்டு கூட்டாகக் கேட்க வைத்து ஒப்பிட்டார். 2009-இல் முடிவுகள் வெளியாயின. சமரசத் தொடரைக் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அவ்வளவாக மாறவில்லை. மாறியது, “நம் ஊரில் எது சரியென்று ஏற்கப்படும்” என்ற எண்ணமும் நடத்தையும். ஆய்வு முடிவில் பரிசாகத் தந்த டேப் ரெக்கார்டரை யார் வைத்துக்கொள்வது என்று வந்தபோது, உடல்நலத் தொடர் கேட்ட ஊர்களில் தலைவர் கையில் கொடுத்துவிடும் போக்கு இருந்தது. சமரசத் தொடர் கேட்ட ஊர்களிலோ விவாதித்து, எல்லோரும் சேர்ந்தே பராமரிக்கலாம் என்றார்கள்.

கூடிக் கேட்டதும் பேசியதும் அங்கே பெரிய வேலை செய்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பக்கத்தில் இருப்பவன் கண் கலங்குவதைப் பார்க்கும்போது, இதற்காகக் கலங்கலாம் என்று ஒரு பையன் தெரிந்துகொள்கிறான். தனியே செல்போனில் பார்த்தால் இது கிடைக்காது. நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. அந்த நேரத்தில் ஆவணப்படங்களுக்கும் இடம் கொடுக்கலாம். படத்துக்கு எவ்வளவு நேரமோ, பேச்சுக்கும் அவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும். “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். “அந்தப் பெண் உன் வகுப்பில் வந்து சேர்ந்தால் எந்த பெஞ்சில் உட்காருவாள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: படத்தில் வரும் பிரிவைச் சேர்ந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், அதை எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்கக் கூடாது.

அப்புறம், இதைவிடப் பெரிய ஆசை ஒன்று எனக்கு உண்டு. ஏற்காட்டுப் பிள்ளைகளும், கீழே சேலத்தில் நெசவாளர்கள் வாழும் அம்மாப்பேட்டைப் பிள்ளைகளும் கலந்த குழுக்களாகச் சேர்ந்து, மலையில் மிளகு பறிப்பதையும் கீழே தறி ஓடுவதையும் தாங்களே படமெடுக்க வேண்டும். ஒரே குழு, ஒரே படம், எடிட்டிங்கில் ஒரே சண்டை, பின்னால் ஆசிரியர்களின் அனுமதி என்று ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளும் அங்கே கூடிவிடும். செலவும் அதிகமில்லை. ஒரு செல்போன், இரண்டு தலைமை ஆசிரியர்களின் சம்மதம், மலைக்குப் போய்வர பஸ் கட்டணம்.