800 கிலோ பேட்டரியும் அலுமினிய பாடியும்: மின்சாரப் பிக்கப் வாங்குபவர்கள் கவனத்துக்கு

“அலுமினிய பாடிதானே, வண்டி லேசாகத்தான் இருக்கும்” என்று மின்சாரப் பிக்கப் வாங்கிய நம்மவர்கள் பலர் என்னிடம் சொல்கிறார்கள். மிச்சிகனில் விபத்துக்குள்ளான வண்டிகளின் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். லேசான வண்டி என்ற நம்பிக்கையில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறார்கள். அடிபட்டால் பக்கத்துக் கடையிலேயே டிங்கரிங் பார்த்துவிடலாம் என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து.

முதலில் எடைக் கணக்கு. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பாடியும் பின்தொட்டியும் 2015 மாடலில்தான் எஃகிலிருந்து அலுமினியக் கலவைக்கு மாறின. அடிச்சட்டம் இன்றும் எஃகுதான். அந்த மாடலில் வண்டியின் எடை அதிகபட்சமாக 318 கிலோ வரை குறைந்தது. 2022-ல் அதே வரிசையில் வந்த மின்சார லைட்னிங்கில் பேட்டரி மட்டுமே சுமார் 800 கிலோ. இன்ஜினும் பெட்ரோல் டேங்கும் போனதைக் கழித்தாலும், அலுமினியத்தால் மிச்சமானதைவிட பேட்டரியால் ஏறியது அதிகம். அலுமினியம் மட்டும் இல்லையென்றால் இந்த வண்டியில் ஏற்றக்கூடிய சுமை இன்னும் குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதே விறைப்பு வேண்டுமென்றால் தகட்டைச் சுமார் 1.4 மடங்கு தடிமனாக்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு தகட்டில் பாதி எடை மிச்சமாகும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மற்ற வண்டிகள் இன்னும் கனம். ரிவியன் ஆர்1டி 3 டன்னைத் தாண்டும். ஜிஎம்சி ஹம்மர் மின்சாரப் பிக்கப் 4 டன்னைத் தாண்டும். 2023 அக்டோபரில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் சாலையோரப் பாதுகாப்பு ஆய்வு மையம் ஒரு ஆர்1டி-யை மணிக்குச் சுமார் 97 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலை எஃகுத் தடுப்பில் மோதவிட்டுப் பார்த்தது. வண்டி தடுப்பைக் கிழித்துக்கொண்டு போய், அதற்குப் பின்னால் இருந்த காங்கிரீட் தடுப்பில் இடித்துத்தான் நின்றது. பழைய எடைகளுக்காக வடிவமைத்த தடுப்புகளுக்கு நடுவே ஓட்டுகிறோம் என்பதை மறக்காதீர்கள். முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

சுமையைப் பொறுத்தவரை விளம்பரத்தில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். லைட்னிங்கின் அதிகபட்சச் சுமை 1,014 கிலோ என்று சொன்னது சிறிய பேட்டரி உள்ள மாடலுக்கு. பெரிய பேட்டரி, கண்ணாடிக் கூரை என்று வசதிகள் சேரச் சேர அது இறங்கிக்கொண்டே வரும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் பொருளும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று உங்கள் வண்டிக்கான எண் அதில் இருக்கிறது. ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 400 கிலோ போய்விடும். ட்ரெய்லர் கட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் மேல் இறங்கும், அதையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து அடிபட்ட பிறகு நடப்பது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். எஃகுத் தகட்டை இழுத்து, தட்டி, சூடாக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் கைப்பழக்கம் அலுமினியத்திடம் செல்லாது. குளிர்ந்த நிலையில் இழுத்தால் விரிசல் விடும். சூடாக்கினால் எஃகு மாதிரி சிவக்காது, எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது. 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம், அதற்கு வெகு முன்பே தன் பலத்தை இழந்துவிடும். வெப்பநிலையை அளந்துகொண்டே செய்ய வேண்டிய வேலை இது. பாடியின் பாகங்களைப் பெரும்பாலும் ரிவெட்டும் பசையும் சேர்த்துப் பிணைத்திருக்கிறார்கள். மாற்றும்போது எந்த இடத்தில் எந்த ரிவெட், எந்தப் பசை என்று தயாரிப்பாளர் சொன்னபடியே போக வேண்டும்.

கருவிகளும் தனியாக இருக்க வேண்டும். எஃகைத் தேய்த்த அதே தட்டால் அலுமினியத்தைத் தேய்த்தால் இரும்புத் துகள் அதில் பதியும். குளிர்காலத்தில் இங்கே சாலையில் கொட்டும் உப்பு பட்டதும் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கி, பெயின்ட் கொப்பளமாகக் கிளம்பும். தொழிலாளிக்கும் ஆபத்து உண்டு. காற்றில் மிதக்கும் அலுமினியத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும், இரும்புத் துருவோடு கலந்தால் இன்னும் மோசம். அதனால்தான் நல்ல கடைகளில் இந்த வேலைக்குத் தனித் தடுப்பறையும், வெடிக்காத வகைத் தூசி உறிஞ்சியும் வைத்திருக்கிறார்கள். கடையை முடிவு செய்யும் முன் உள்ளே போய் அந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் செலவு ஆகும். அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் பாதுகாப்பு நிறுவனம் 2015-ல் பழைய எஃகு எஃப்-150 ஒன்றையும் புதிய அலுமினிய எஃப்-150 ஒன்றையும் குறைந்த வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, அலுமினிய வண்டிக்குப் பழுதுச் செலவு 26 சதவீதம் கூடுதலாக வந்தது. காப்பீடு எடுக்கும்போதே, தயாரிப்பாளர் முறைப்படி பழுது பார்க்கும் செலவை முழுதாகத் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

பலரும் யோசிக்காமல் செய்யும் ஒன்று உண்டு. ஏணித் தாங்கியோ கருவிப் பெட்டியோ பொருத்தத் தொட்டியில் துளை போடுகிறார்கள். கீழே பேட்டரியும் உயர் மின்னழுத்தக் கம்பிகளும் இருக்கின்றன, துளைப்பான் அங்கே போனால் உயிருக்கே ஆபத்து. தவிர, ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரண எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் சுற்றியுள்ள தகடு அரித்துப்போகும். பூச்சுள்ள போல்ட்டும் இடையில் வாஷரும் அவசியம். ஏற்கெனவே இருக்கும் கட்டும் வளையங்களிலேயே பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது. அடிப்பகுதியில் பலமாக அடிபட்டிருந்தால், பேட்டரியைச் சோதிக்கும் வரை வண்டியை வீட்டுக் கராஜுக்குள் விடாதீர்கள், கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளியே நிறுத்துங்கள்.

2025 டிசம்பரில் ஃபோர்டு முழு மின்சார லைட்னிங் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, நியூயார்க்கின் ஆஸ்வீகோவில் உள்ள நோவெலிஸ் அலுமினிய ஆலையில் பிடித்த தீயால் தகடு வரத்து குறைந்து, அந்தத் தயாரிப்பு நின்றிருந்தது. (நோவெலிஸ் நம் ஊர் ஹிண்டால்கோவுக்குச் சொந்தமானது.) ஏற்கெனவே விற்ற வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும், கைமாறும். பழைய வண்டி வாங்கும்போது காந்தத்தை ஒட்டவைத்துப் பட்டி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நம்மவர்களுக்குப் பழக்கம். அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாது, அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. இரும்பில்லாத உலோகத்திலும் அளவு காட்டும் பெயின்ட் தடிமன் கருவி கிடைக்கிறது, அதைக் கொண்டு ஒவ்வொரு பேனலையும் அளந்து பாருங்கள். ஒரு பேனலில் மட்டும் அளவு இரண்டு மடங்கு காட்டினால், பழுது பார்த்த ரசீதை விற்பவரிடம் கேட்டு, எந்தக் கடையில் செய்தது என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள்.