கல்பாசி பாசிதானா?

எட்டாம் வகுப்பு வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மா குழம்பில் போடும் கல்பாசி நிஜமாகவே பாசியா? பாசி என்றால் பச்சையாக, வழவழவென்று இருக்க வேண்டாமா?"

பாதிதான் பாசி. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கறுப்பு, தொட்டால் சருகாக நொறுங்கும். இது லைக்கன். ஒரு பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். வீடு பூஞ்சையுடையது, சமையல் பாசியுடையது. பூஞ்சை இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கூரை போடுகின்றன. அதற்குக் கீழே பாசி செல்கள் உட்கார்ந்து ஒளிச்சேர்க்கை செய்து, சர்க்கரையில் பெரும்பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கின்றன. 1860களில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் நிபுணர்களே ஏற்கவில்லை. பூஞ்சை எஜமான், பாசி அடிமை என்று வேறு சொல்லிவிட்டார்!

சரி, பச்சை நிறத்துக்கு வருவோம். தென்னை, மாமரத் தண்டுகளில் வெளிறிய திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவும் லைக்கன்களே. வெயிலில் காய்ந்து கிடக்கும் ஒரு திட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். சில நொடிகளில் சாம்பல் நிறம் பச்சையாக மாறும். புதிதாக எதுவும் முளைக்கவில்லை. காய்ந்திருந்தபோது கூரை இழைகளுக்கு நடுவே காற்று இருந்தது; அது ஒளியைச் சிதறடித்ததால் சாம்பலாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நீர் புகுந்ததும், நனைந்த வெள்ளைச் சட்டை உடம்பைக் காட்டிக்கொடுப்பது போல, கூரை உள்ளேயிருக்கும் பாசியைக் காட்டிக்கொடுக்கிறது. வெயிலும் உள்ளே இறங்குகிறது. சில நிமிடங்களில் அடுப்பு பற்றிக்கொள்ளும்!

லைக்கனுக்கு வேர் கிடையாது. நீரைத் தேக்கிவைக்கும் ஏற்பாடும் இல்லை. காய்ந்தால் காயட்டும் என்று ஏறக்குறைய எல்லா வேலையையும் நிறுத்திவிடும். மறுபடி வேலையைத் தொடங்க, பச்சைப்பாசி இருக்கும் லைக்கன்களுக்கு மழைகூட வேண்டாம், ஈரக்காற்றே போதும். 2005-ல் சில லைக்கன்களை ரஷ்ய விண்கலத்தின் வெளிப்புறத்தில் வைத்து அனுப்பினார்கள். வெற்றிடத்தையும் புற ஊதாக் கதிரையும் சுமார் இரண்டு வாரம் தாங்கிய பின், பூமிக்குத் திரும்பி நீர் பட்டதும் மறுபடி ஒளிச்சேர்க்கை தொடங்கியது.

மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று இந்தத் திட்டுகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை, ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே கேட்கிறது. பாறையில் ஒட்டினால், அமிலம் சுரந்து மெல்ல அரித்து மண்ணுக்கு அடிபோடும். காற்றில் வருவதையெல்லாம் வடிகட்டாமல் உறிஞ்சுவதால், புகை மிகுந்த ஊரில் முதலில் சாவதும் அதுதான். பாரிஸின் மற்ற இடங்களில் அருகிப்போன லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் செழித்திருப்பதைப் பின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் 1866-லேயே கவனித்து எழுதினார்.

ஈரம் இருக்கும் நேரத்தில் மட்டும் சமையல் என்பதால் வளர்ச்சி ஆமை வேகம். பல லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. கடைக்கு வரும் கல்பாசியோ காட்டு மரங்களிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுரண்டி எடுப்பது. இதைத் தோட்டத்தில் வளர்க்க வழி தேடும் ஆராய்ச்சிக்கு நாலு காசு கூடுதலாக ஒதுக்கினால் குடிமுழுகிப் போகாது.

அப்புறம், அஞ்சறைப் பெட்டிக் கல்பாசியில் தண்ணீர் தெளித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டியில் நெடுநாள் கிடந்ததில் பாசி பெரும்பாலும் செத்திருக்கும். மரத்தில் இருப்பதிடம் போங்கள்.