சேர்க்கம்வென்ற்: விதி அங்கேயே நிற்க, ஆள் அப்பால் போய்விடுவதற்குத் தமிழில் என்ன சொல்?

சுற்றறிக்கைகளிலும் தீர்ப்புகளிலும் கடன் ஒப்பந்தங்களிலும் அடிக்கடி வந்து, வாய்ப்பேச்சில் ஏறக்குறைய வராத ஆங்கில வினைச்சொல் சேர்க்கம்வென்ற் (circumvent). திருகோணமலையிலிருந்து சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கோ அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சேவைக்கோ தயாராகும் பிள்ளைகள் இதை எங்காவது ஒரு பந்தியில் சந்தித்தே தீருவார்கள். கையகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் ‘தவிர்’ என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். அந்தப் பொருளை வைத்து மொழிபெயர்த்தால் சொல்லின் பாதி காணாமல் போய்விடும்.

கடற்றொழிலை வைத்துப் பார்ப்போம். வலைக்கண் குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வலையே வேண்டாம் என்று தூண்டிலுக்குப் போகிறார். அவர் விதியைத் தவிர்த்தார். ஆங்கிலத்தில் அது அவொயிட். இன்னொருவர் கண் சிறுத்த வலையை இரவோடு இரவாக இறக்குகிறார். அவர் விதியை மீறினார், அது வயலேற். மூன்றாமவர் செய்வது வேறு. அளவு சரியான இரண்டு வலைத் துண்டுகளை எடுத்து, ஒன்றின் கண்ணை மற்றதின் நூல் மறைக்கும்படி, மீன் திரளும் பையான வலைமடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறார். பரிசோதகர் கரைக்கு வந்து அளவுகோலை வைத்தால் இரண்டு வலையும் தனித்தனியே சரி. தண்ணீருக்குள் குஞ்சு மீன் தப்ப வழியில்லை. இந்த மூன்றாவதுதான் சேர்க்கம்வென்ற்.

ஆகவே இந்தச் சொல் பொருந்துவதற்கு மூன்று வேண்டும். குறுக்கே ஒரு தடை இருக்க வேண்டும். அந்தத் தடை அகற்றப்படாமலும் உடைக்கப்படாமலும் அங்கேயே நிற்க வேண்டும். ஆள் ஏதோவோர் உபாயத்தால் அப்பால் போயிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத் தேடுங்கள்.

பிறப்பு இலத்தீனில். ‘சேர்க்கம்’ என்றால் சுற்றி. ‘வெனீரே’ என்றால் வருதல். சுற்றி வருதல், அதாவது எதிரியை நாற்புறமும் சூழ்ந்துகொள்ளுதல் என்பதே முதற்பொருள். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் பகைவனைச் சூழ்ந்து மடக்குதல், தந்திரத்தால் வெல்லுதல், ஏமாற்றுதல் என்ற நிறமே மேலோங்கி இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெற் நாடகத்தில், சவக்குழிக் காட்சியில், கடவுளையே சேர்க்கம்வென்ற் பண்ணப் பார்ப்பவன் என்று ஓர் அரசியல் சூழ்ச்சிக்காரனைப் பற்றிப் பேச்சு வருகிறது. அங்கே செயப்படுபொருளாக நிற்பது ஓர் ஆள். இன்றைய வழக்கில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் சட்டம், தடை, நடைமுறை, இடையூறு போன்றவை வந்துவிட்டன. பழைய ஏமாற்று வாடை மட்டும் முழுதாகப் போகவில்லை.

‘வெனீரே’யில் பிறந்த இன்னொரு சொல் பிரிவென்ற். முன்னே வருதல், அதனால் தடுத்தல். இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்திருங்கள். கீழே குறளில் இதே சோடி வருகிறது.

இதற்கு நெருங்கிய பொருளுள்ள ஆங்கிலச் சொற்களில் அதிகம் குழப்புவது ஒப்வியேற் (obviate). 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, துறையில் பாதைக்காக, அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்காக, காத்து நிற்கும் தேவையே இல்லாமல் போனது. பாலம் அந்தத் தேவையை ஒப்வியேற் பண்ணியது என்று எழுத வேண்டும். தடை இல்லாமற்போன இடத்தில் சேர்க்கம்வென்ற் வராது. இவேட் என்பதோ பிடிகொடுக்காமல் நழுவுதல். வரி ஏய்ப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அதிலிருந்து வந்தது, அது குற்றம். சட்டம் அனுமதிக்கும் வழியில் வரியைக் குறைத்துக்கொள்வது வரி தவிர்ப்பு. சேர்க்கம்வென்ற் தன்னளவில் குற்றத்தின் பெயரல்ல, குற்றமில்லை என்ற சான்றிதழும் அல்ல. எதை, எந்த வழியில் என்பதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு இலங்கை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கே உண்டு. சீனச் சைக்கிள்கள் அடிமட்ட விலைக்கு வந்து குவிவதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 48.5 சதவீதத் தீர்வை விதித்திருந்தது. வேறு நாடுகள் வழியாக அந்தத் தீர்வை சேர்க்கம்வென்ற் பண்ணப்படுகிறது என்று கூறி, 2013இல் அதை இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனீசியா ஆகியவற்றிலிருந்து அனுப்பப்படும் சைக்கிள்களுக்கும் நீட்டியது. ஓர் இலங்கை நிறுவனம் வழக்காடி, போதிய ஆதாரம் இல்லாததால் தன்னைப் பொறுத்தவரை அந்த முடிவை இரத்துச் செய்வித்தது; 2017இல் மேன்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. ஆவணமொன்றில் இந்தச் சொல் வந்தால் அது வெறும் வருணனை அல்ல, நிரூபிக்க வேண்டிய குற்றச்சாட்டாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பவர் ‘தவிர்த்தது’ என்று எழுதினால் குற்றச்சாட்டே கரைந்துவிடும். ‘மீறியது’ என்று எழுதினால் சொல்லாத குற்றத்தைச் சுமத்தியதாகிவிடும்.

எழுதும்போது நேரும் பிழைகள் சில. இது செயப்படுபொருள் குன்றாவினை. விதியையோ தடையையோ நேராகப் பின்னால் வைக்க வேண்டும். ‘அரவுண்ட்’, ‘ஃப்ரொம்’ எதுவும் இடையில் வேண்டாம். ‘சுற்றி’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் முதலெழுத்து எஸ் அல்ல, சி. நடுவிலும் சி, அதன் பின் யூ. உச்சரிக்கும்போது அழுத்தம் கடைசி அசையான ‘வென்ற்’ மேல் விழும். நம்மவர்கள் முதலசையை அழுத்துவதால் கேட்பவருக்குப் பிடிபடாமல் போகிறது. நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் இச்சொல்லைப் போடாதீர்கள், அங்கே ‘கெற் ரவுண்ட்’ போதும்.

இனித் தமிழ். முதலில் கைக்கு வருவது ‘சுற்றிவளை’. உறுப்புக்கு உறுப்பு சரிதான், ஆனாலும் இங்கே உதவாது. சுற்றிவளைப்பு என்றால் ஊரை வளைத்துத் தேடுவது என்றுதான் நம் பகுதியில் எவரும் விளங்கிக்கொள்வர். ‘சுற்றிவளைத்து’ என்று வினையெச்சமாக்கினால் நேராகச் சொல்லாமல் நீட்டிப் பேசுவதாகிவிடும். பேச்சுவழக்கில் ‘சுத்துமாத்து’ இருக்கிறது. சுற்றும் மாற்றும் சேர்ந்த அருமையான சொல், ஆனால் அதில் மோசடி உறுதியாகிவிடுகிறது. ‘பேய்க்காட்டுதல்’ ஆளை ஏமாற்றுவது; விதியைப் பேய்க்காட்ட முடியாது.

எனது தெரிவு ‘சூழ்’ என்ற வேர். சூழ்தல் என்றால் சுற்றிக்கொள்ளுதல், ஆராய்தல், உபாயம் எண்ணுதல். சூழ்ச்சி திருக்குறளில் ஆலோசனை (‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’, குறள் 671), இன்றைய வழக்கில் சதி. சுற்றுதலிலிருந்து தந்திரத்துக்கு இலத்தீன் சொல் நடந்த அதே வழியைத் தமிழும் தன் பாட்டில் நடந்திருக்கிறது. ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள் (380):

ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று
சூழினுந் தான்முந் துறும்.

ஊழை விலக்க வேறோர் உபாயத்தைச் சூழ்ந்தாலும் அது தானே முன்னால் வந்து நிற்கும். ‘சூழினும்’ என்பது சேர்க்கம்வென்ற். ‘முந்துறும்’ என்பது பிரிவென்றின் வேர்ப்பொருள். ஓர் அகராதிக்காரர் இதைவிட நல்ல மேற்கோளைத் தேடிப் பிடிக்க முடியாது.

‘சூழ்’ தனியே நின்றால் இன்றைய வாசகருக்குப் பொருள் முழுதாக எட்டாது. எனவே ‘சூழ்ந்து தவிர்’ என்று இணைத்து எழுதலாம்: ‘இறக்குமதித் தடையைச் சூழ்ந்து தவிர்ப்பதற்காக நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது.’ தந்திரமும் தெரிகிறது, தடை நிற்பதும் தெரிகிறது. பெயர்ச்சொல்லுக்கு ‘சூழ்ந்து தவிர்ப்பு’. குற்றச்சாட்டுத் தொனி இல்லாத இடங்களில், ஒரு பொறியியல் சிக்கலை வேறு வழியில் சமாளித்தது போன்றவற்றுக்கு, ‘மாற்று வழியால் கடந்தது’ என்று எளிமையாக எழுதுங்கள். ஆனால் இதைத் தொழிற்பெயராக்கிக் ‘கடத்தல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘சட்டத்தைக் கடத்தல்’, ‘தடை கடத்தல்’ என்று தலைப்புப் போட்டால் வாசகர் போதைப்பொருள் செய்தி என்றே நினைப்பார்.

பதிப்புரிமைச் சட்டத்தில் மட்டும் இந்தச் சொல் வழிவிலகிப் போயிருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை, தொழினுட்பக் காப்புகளைச் சேர்க்கம்வென்ற் பண்ணுவதற்கு எதிராக நாடுகள் சட்டப் பரிகாரம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அதை வரையறுக்கும்போது, மறையாக்கத்தை அவிழ்ப்பதையும் காப்பை அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் கூட இதற்குள் அடக்குகிறது. தடை நிற்க வேண்டும் என்று மேலே சொன்ன நிபந்தனை இங்கே பொருந்தாது. அந்தத் துறை ஆவணங்களில் ‘சூழ்ந்து தவிர்’ என்பதையும் வைக்காமல், ‘காப்பை முறியடித்தல்’ என்று எழுதுவதே சரி.